அண்ணனின் முப்பத்திநாலு

மார்ச் 3, செவ்வாய்

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கண் டாக்டரிடம் போனேன். கண்ணாடி எழுதித் தருவார் என்று பார்த்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அங்கிருந்து இன்னொரு டாக்டரம்மா. அங்கே நர்ஸ் என் இடுப்பை அளக்க டேப்பை எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தையற்கடை வைத்திருப்பவளுக்கே அளவா? டேப் மேலே ஏறியிருந்தது. "கொஞ்சம் இறக்கிப் பிடிங்கம்மா" என்றேன். முப்பத்திநாலு முப்பத்தாறு ஆனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இடுப்பு, பிரஷர், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுவது, நல்ல கொழுப்பு குறைவது என்று ஐந்து விஷயமாம். மூன்று கெட்டாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பேர். எனக்கு நான்கு. பள்ளிக்கூடத்தில்கூட நான் ஐந்துக்கு நான்கு வாங்கியதில்லை.

"குடும்பத்துல யாருக்காவது?"

"அப்பா மாரடைப்புல போயிட்டாரு. ஐம்பத்தொரு வயசுல."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே அண்ணன். அவனுக்கு இப்ப ஐம்பத்தொண்ணு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது குடும்பத்துல ஓடும்மா. அவரை உடனே அனுப்புங்க."

சாப்பிடுவதையெல்லாம் எழுதச் சொன்னார். அதற்குத்தான் இந்த நோட்டு.

சாப்பிட்டது: கொஞ்சம்.

மார்ச் 5

அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவுக்கே போய்ச் சொன்னேன். சிரித்தான்.

"எனக்கா? கல்யாணத்தப்ப முப்பத்திநாலு இடுப்பு, இன்னைக்கும் முப்பத்திநாலு. போய் உன் அளவு நோட்டைப் பாரு."

பிறகு அவன் குறையைச் சொன்னான். ஒர்க்‌ஷாப்காரர்கள் சீட்டை முன்னால் தள்ளி மாட்டிவிட்டார்களாம், ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறதாம். மூன்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான்!

காரணம் எனக்குத் தெரியும். எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 6

இங்கேயாவது சொல்லித் தொலைக்கிறேன். அவன் பேன்ட் எல்லாம் என் கடையில்தான். அளவு நோட்டில் அவன் பெயருக்கு நேரே 34. பக்கத்தில் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஓர் இஞ்ச்.

முதல் புள்ளி அவன் கல்யாணமான வருஷம் வைத்தது. "துவைச்சதுல சுருங்கிடுச்சு போல" என்று முகம் வாடி வந்து நின்றான். பாவமாக இருந்தது. பின் தையலைப் பிரித்து, உள்ளே மிச்சம் விட்டிருந்த துணியில் ஓர் இஞ்ச் விட்டுத் தைத்து, இஸ்திரி போட்டு, "சுருக்கத்தை எடுத்துட்டேன்ணே" என்று கொடுத்தேன். அப்புறம் எத்தனை சுருக்கம்! புதுப் பேன்ட்டையும் பெரிதாக வெட்டி, 34 என்று அளவுச் சீட்டு வைத்துத் தைத்தேன். இப்போது ஆறு புள்ளி. நாற்பது இஞ்ச் மனுஷன் ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிகிறான். தைத்துக் கொடுத்த புண்ணியவதி நான்.

சாப்பிட்டது: இரண்டு பிஸ்கட். பொய். ஆறு.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டே, "நான் உங்கப்பாவுக்குச் செஞ்சதைத்தானே நீயும் செஞ்சிருக்க" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"பேன்ட் கொக்கியைத் தள்ளித் தள்ளித் தைப்பேன். அவரு மனசு நோகுமேன்னு. போறதுக்கு முந்தின வாரம்கூட ஒரு கொக்கி…" கத்தி நின்றுவிட்டது.

வயிறும் சர்க்கரையும் அப்பா வழி. மூடி மறைக்கிற கை அம்மா வழி. எனக்கு இரண்டும் வந்திருக்கிறது. உட்கார்ந்து அழுதேன். எனக்கு அண்ணன் வேணும். அவ்வளவுதான்.

மார்ச் 9

அண்ணனைக் கடைக்கு வரவழைத்து நோட்டை விரித்தேன்.

"இதென்ன, எறும்பு ஊருற மாதிரி?"

சொன்னேன். "புளுகாதடி" என்றான். டேப்பை அவன் கையிலேயே கொடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்து அளந்தான். முப்பத்தொன்பது. எவ்வளவு நேரம் பிடிப்பான்? விட்டான். நாற்பத்தொன்று. என் நோட்டே ஒரு புள்ளி பின்தங்கிக் கிடக்கிறது.

"டேப் பழசு. இழுத்து இழுத்து நீண்டுபோச்சு."

"நீண்ட டேப்பு அளவைக் குறைச்சுத்தான் காட்டும்ணே. நிஜம் இதைவிடக் கூட."

அதற்குப் பிறகு கத்தினான். சட்டை வாங்க வந்த டீச்சரம்மா வாசலோடு திரும்பிவிட்டார்.

"இத்தனை வருஷமா என்னைக் கேணையனாக்கி வச்சிருக்க!"

"ஆமா, ஆக்கினேன்! அப்பா மாதிரி உன்னையும் தூக்கிக் குடுக்கணுமா? ஒரு ஊசி குத்திக்க என்னடா உனக்கு?"

அண்ணனை 'டா' போட்டது வாழ்க்கையில் முதல் தடவை. டேப்பை மேசைமேல் எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 10

பேசவில்லை.

மார்ச் 11

பேசவில்லை. சாப்பிட்டது: ஒன்றுமில்லை. இது நிஜம்.

மார்ச் 14

அண்ணி போன் செய்தார். "உங்கண்ணன் டெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டாரு. அஞ்சுக்கு அஞ்சு." பின்னாலிருந்து அவன் கத்துவது கேட்டது: "அவளைவிட ஒண்ணு கூடன்னு சொல்லு!"

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்களாம்.

மே 20

காலையில் இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். சண்டை போட்டுக்கொண்டேதான். சீட் புகாரைத் திரும்ப வாங்கிவிட்டானாம். ஒர்க்‌ஷாப்பில் காரணம் கேட்டதற்கு, "தானா சரியாயிடுச்சு" என்றானாம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். இடுப்பு தொளதொளக்கிறது. அளந்தேன். முப்பத்தேழரை. பிடித்துத் தைத்துவிட்டு, மிச்சத் துணியை வழக்கம்போல உள்ளே மடித்தேன். கையைப் பிடித்தான்.

"அதை வெட்டிடு."

"திரும்பத் தேவைப்பட்டா?"

"அதுக்குத்தான் வெட்டச் சொல்றேன்."

வெட்டினேன். நோட்டில் 34-ஐ அடித்துவிட்டு 37½ என்று எழுதினேன். பக்கத்தில் புள்ளி எதுவும் இல்லை.

நாளைக்கு அவனுக்கு ஐம்பத்திரண்டு பிறக்கிறது.