முசோரியில் வெடிக்காத பீரங்கி

நீ முசோரியைப் பார்த்ததே இல்லை. துரையோடு மலை ஏறினேன் என்று ஆறு வருஷம் எங்களிடம் சொன்னது பொய்.

இன்று காலை, முசோரியில் போட்டிருந்த கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைக்க மடித்தேன். அதில் இன்னும் பைன் விறகுப் புகை வாசனை. கருவாடும் நிலக்கரியும் மணக்கிற இந்த ராயபுரத்து அறையில் அது மூக்கில் ஏறியதும் உன்னோடு பேசித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. நீ செத்துப் பத்து மாதம் ஆகிறது. இருந்தாலும் பேசுகிறேன்.

ரயில்வே யார்டில் சோற்று வேளை. சரக்கு வாகன் நிழலில் தூக்குகளைத் திறந்து உட்கார்ந்திருப்போம். அதிகாரிகள் தூங்கிச் சாப்பிட்டுப் பயணம் போகிற தனி ரயில்பெட்டியான சலூனில் வெள்ளைக்காரத் துரைக்குப் பியூனாக இருந்தவன் நீ. துரை கப்பலேறிய பிறகு எங்களோடு வேலைக்கு வந்தாய்.

"இன்னா முசோரி, இன்னிக்கு எங்க கூட்டிகினு போவப் போற?" என்று ஜோசப் வாயைக் கிளறுவான்.

நீ சோற்றைப் பிசைந்தபடியே ஆரம்பிப்பாய். "மொதல்ல ஒட்டகப் பாறை. வெறுங் கல்லுதான், ஆனா ஒட்டகம் குந்திகினு கீற மாதிரியே இருக்கும். அப்பால கெம்ப்டி அருவி. லால் டிப்பாவுக்கு மட்டும் விடிகாலைல போவணும். வெயில் ஏறிச்சின்னா பனிமலைய மேகம் மூடிக்கும். பீரங்கி மலைல பன்னெண்டு மணிக்கு டமால்னு போடுவான் பாரு, நம்ம கோட்டை குண்டு மாதிரி. காது அடைச்சுக்கும்."

"நல்லா அவுத்து வுடு நைனா," என்பான் ஜோசப். நான் அவனோடு சண்டைக்குப் போவேன். உன் பாடையைத் தூக்கிய அன்றும் அவன், "முசோரிக்கே போயிட்டான்யா," என்றான். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

மாமியார் ஊருக்கும் திருப்பதிக்கும் எல்லோரும் வாங்குகிற இலவச ரயில் பாஸை நான் முசோரி மலையடிவாரத்து டேராடூனுக்கு எழுதச் சொன்னது அதனால்தான். நீ பொய்யன் இல்லை என்று பார்த்துவிட்டு வர வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கில்லை.

ஒட்டகப் பாறை இருந்தது. அருவி நீ சொன்ன மாதிரியே விழுந்தது. லால் டிப்பாவில் பனிமலையைப் பார்த்து என் மனைவி முக்காட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். நானே கட்டி நிறுத்திய மலை போல எனக்குப் பெருமை. மூன்றாம் நாள் பீரங்கி மலைக்குப் போனோம். பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டே கால் ஆனது. காற்றுச் சத்தம்தான். டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அவர் பிறக்கும் முன்பே பீரங்கியைக் கீழே இறக்கிவிட்டார்களாம்.

"உன் தோஸ்து நம்ம காதுல நல்லா பூ சுத்திட்டாரு," என்றாள் மனைவி.

இறங்கும் வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. ஆறு வருஷமாக ஒரு பொய்யனுக்காகவா சண்டை போட்டேன்?

டேராடூன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரமிருந்தது. ஒதுக்குப்புறத் தண்டவாளத்தில் ஒரு சலூன் நின்றது. அதன் படியில் ஒரு பியூன் அரிசி களைந்துகொண்டிருந்தான். துறைமுகத்தில் கற்ற அரைகுறை இந்துஸ்தானியில் பேச்சுக் கொடுத்தேன். அதிகாரி குடும்பத்தோடு மேலே போய் ஒன்பது நாளாம். தட்டு, மெத்தை, பிராந்தி புட்டி எல்லாவற்றுக்கும் இவன் காவல். பெட்டியை விட்டு நகரக் கூடாது.

மேலே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒட்டகப் பாறை என்றான். கெம்ப்டி என்றான். விடிகாலையில் லால் டிப்பா என்றான். "பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிக்கும்," என்றான்.

"நீ போயிருக்கிறாயா?"

"நான் எங்கே போனேன்? சமையல்காரர் சாமான் வாங்க இறங்கி வரும்போது சொல்வார். அவருக்கு முன்னால் இருந்தவர் அவரிடம் சொன்னது."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. நீ எதையும் கட்டிவிடவில்லை. இதே மாதிரி ஒரு படியில் உட்கார்ந்து, இறங்கி வந்தவர்கள் சொன்னதை ஒன்றும் சிந்தாமல் ராயபுரம் வரை கொண்டுவந்திருக்கிறாய். ஏறினேன் என்ற ஒரு சொல்தான் பொய். அதை நான் மன்னித்தாயிற்று. என் மனைவி மேலிருந்து வாங்கி வந்த பழங்களில் பாதியை அவன் பக்கத்தில் வைத்தாள். "அவரும் இப்டித்தான் குந்திகினு இருந்திருப்பாரு, பாவம்," என்றாள்.

ஊர் திரும்பியதும் ஜோசப்பிடம், நீ சொன்னதெல்லாம் அங்கே இருக்கிறது என்றேன். பீரங்கி மட்டும் இப்போது வெடிப்பதில்லை என்றேன். "அப்ப நெசமாத்தான் சொல்லிகினு இருந்தானா," என்றான். அதற்குமேல் அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

மனம் லேசாகிவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. துரை போய்விட்டான், அவன் மெத்தையில் நம் நாட்டு அதிகாரி படுத்திருக்கிறான், படியில் இன்னும் ஒருவன் அரிசி களைகிறான். அதை நான் யூனியனில் பேசிக்கொள்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டியது வேறு.

அன்று டேராடூனில் பொழுது சாய்ந்ததும் அந்தச் சலூன் படியிலிருந்தே முசோரியின் விளக்குகள் மலைமேல் வரிசையாகத் தெரிந்தன. தினமும் நீ அதைப் பார்த்திருப்பாய். மேலே போகிற பஸ்ஸும் அந்த ரயில்வே ஸ்டேஷன் வாசலிலிருந்துதான் கிளம்புகிறது. காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரே ஒரு நாள் நீ ஏன் ஏறிப் போகவில்லை? சொல், நைனா.