சைடரில் விழுந்த சர்க்கரை

ஏப்ரல் 12
இன்று சைடரை, எங்கள் தோட்டத்து ஆப்பிள் மதுவை, புட்டிகளில் அடைத்தோம். குளிர்காலம் முழுக்கப் பீப்பாயில் கிடந்து, ஆப்பிள் சாற்றின் இனிப்பெல்லாம் தீர்ந்து, துவர்ப்பும் புளிப்புமாக நின்றது. புட்டிக்குள் நுரை பிடிக்கவேண்டுமானால் அடைக்கும் முன் பீப்பாயில் அளவாகச் சர்க்கரைப் பாகு ஊற்றவேண்டும். அது எப்போதும் என் வீட்டுக்காரர் டன்ஸ்டன் வேலை. கல்யாணமானதிலிருந்து என்னை அந்தப் பக்கம் விட்டதில்லை. நான் புட்டி கழுவினேன், அவர் மூடி அழுத்தினார். ஜூனில் மகள் ரோவீனா கல்யாணத்துக்கு இதுதான்.

கழுவும் தொட்டியில் பாகு காய்ச்சிய பாத்திரம் இரண்டு கிடந்தது. ஏன் இரண்டு?

ஏப்ரல் 13
கேட்டேன். "ஒண்ணுதான் காய்ச்சினேன், போ" என்றார். இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன்.

ஏப்ரல் 21
வேலை ஓடவில்லை. புட்டிகள் அடுக்கிய கொட்டகைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறேன். வெயில் வந்துவிட்டது. சர்க்கரை இரண்டு மடங்கு விழுந்திருந்தால், சூடு ஏற ஏறப் புட்டிக்குள் அழுத்தமும் ஏறி வெடித்துவிடும். ஒன்றைத் திறந்தால் தெரிந்துவிடும். ஏன் திறக்க மாட்டேனென்கிறேன்? புட்டிக்குத்தான் பயமா? போன வாரம், ரோவீனா கட்டிக்கொள்ளப் போகிறவன் பேர் என்ன என்று டன்ஸ்டன் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

ஏப்ரல் 25
மத்தியானம் ஒன்று வெடித்தது. பக்கத்துத் தோட்டத்து ஆம்ப்ரோஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன ஹெஸ்டர், கல்யாணத்துக்கு இப்பவே வேட்டு போட ஆரம்பிச்சாச்சா?" என்றார். சிரித்துவைத்தேன்.

டன்ஸ்டன் கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டே, "புட்டியில விரிசல்" என்றார்.

"சர்க்கரை ரெண்டு தடவை போட்டுட்டீங்க."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? முப்பது வருஷமா போடறேன்டி!"

துடைப்பத்தை எறிந்துவிட்டுப் போனார். கோபப்பட்டால் படட்டும். ஆனால் அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பயம். அதுதான் —

ஏப்ரல் 26
காலையில் இன்னும் இரண்டு. ஒரு சில்லு கதவில் குத்தி நின்றது. சற்று முன்னால் அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊத்தினது ஞாபகமே இல்லடி. திரும்பிப் பார்த்தா இன்னும் ஊத்தலியேன்னு தோணுச்சு. கொஞ்ச நாளாவே இப்படித்தான். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எல்லாத்தையும் கொட்டிடலாமா?" என்றேன்.

"கொட்றதா? எம்பொண்ணு கல்யாணச் சைடரையா?"

ஏப்ரல் 27
விடிகாலைக் குளிரிலேயே வேலையில் இறங்கினோம். தடித்த கோட்டு, தோல் கையுறை, ஆம்ப்ரோஸிடம் இரவல் வாங்கிய வெல்டிங் முகமூடிகள். ஒவ்வொரு புட்டியையும் ஈரச் சாக்கால் போர்த்தி, மூடியை லேசாக நெம்பி, சீறல் அடங்கியதும் புது மூடி அழுத்தினோம். பாதிக்குப் பாதி புட்டிகள் கூரைவரை பீய்ச்சின. தலைமயிரெல்லாம் பிசுபிசுப்பு. எத்தனையோ நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம்.

நடுவில், ஏற்கெனவே முடித்த புட்டியையே அவர் மறுபடி எடுத்தார். "அது ஆச்சு" என்றேன். "ஆச்சா? சரி." சண்டை பிடிக்கவில்லை.

மே 9
ஹெர்ஃபோர்டுக்கு, மருத்துவரிடம். நேரம் கேட்டு வாங்கியது டன்ஸ்டனேதான். கிளம்பும்போது ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தார். கொஞ்சம் நின்றார். பிறகு காரைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறிக்கொண்டு, "நீ ஓட்டு. நான் வழி சொல்றேன்" என்றார்.

பாலம் தாண்டியதும் சாலை பிரிந்தது. காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானே இடது பக்கம் திருப்பினேன்.