காலியாகாத இடத்தை நான் கொடுத்தேன்

உன் ஹாட் டிஸ்க் என் மேசையில் இருக்கிறது. நீ செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று உன் கணவர் அதை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "உங்கடை கந்தோர் வேலைச் சாமான் போலை கிடக்கு, தங்கச்சி. பாத்துப்போட்டு வேண்டாமெண்டால் எறியுங்கோ." மூன்று நாட்களுக்கு முன்தான் அதைப் பொருத்திப் பார்த்தேன்.

சுன்னாகத்து மாடி அறையில் நாம் இருவரும் எழுதியது, கிளினிக்குகளின் பதிவுகளைச் சேமிக்கும் ஒரு பெட்டிக்கான கோப்பு முறைமை. எந்த நேரம் மின்சாரம் போனாலும் கோப்புகள் குலையக்கூடாது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜேர்னலில் எழுதி, எல்லாம் எழுதியானதும் முடிந்தது என்று முத்திரை வைப்பது உன் பகுதி. வட்டில் எந்தத் துண்டு காலி, அதை எந்தக் கோப்புக்குக் கொடுப்பது என்று பார்ப்பது என் பகுதி. சோதனையின்போது கோப்புகளை எழுதவும் அழிக்கவும் விட்டுவிட்டு நான் "இழு!" என்பேன், நீ சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவாய். மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தும் எங்களுக்குத்தான் முதலில் கறண்ட் போகும். "அங்கையே ஆள் வச்சு இழுக்கிறாங்களடி, எனக்கு வேலை மிச்சம்" என்பாய்.

பிறகு அந்தக் காலை. ஒரு கிளினிக்கில் கறண்ட் போய் வந்தபின், எங்கள் பெட்டியில் அழித்திருந்த ஒரு நோயாளியின் கோப்பு திரும்பி வந்திருந்தது. உள்ளே இருந்ததோ வேறொருவரின் ஸ்கான். அதைப் பார்த்து மருத்துவர் மருந்து எழுதத் தொடங்கிவிட்டார். தாதி கவனித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

முதலாளி மேசையில் அடித்தார். "உது ஆரின்ரை பிழை?"

"என்ரை, சேர். ஜேர்னல் பிழைச்சுப்போச்சு" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியிருந்த என்னை அந்த வாரம்தான் நிரந்தரமாக்க இருந்தார்கள். நீ அன்றே விலகினாய். படியில் வைத்து, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேடி" என்றேன். "ஓம்" என்றாய். அந்தப் பெட்டியையே நிறுவனம் கைவிட்டது. நானும் என் நிரலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கிளினிக் வட்டின் பிரதியை நீ இந்த டிஸ்க்கில் எடுத்து வைத்திருக்கிறாய். ஜேர்னலை வரி வரியாகப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை. அழித்ததற்கு முத்திரை விழுமுன் கறண்ட் போயிருக்கிறது. ஆகவே உன் ஜேர்னல் அந்தக் கோப்பை மீட்டது சரிதான். ஆனால் முத்திரைக்குக் காத்திராமல், அதன் துண்டுகளை என் நிரல் அடுத்த நோயாளிக்குக் கொடுத்திருந்தது. இருப்பவர் வெளிக்கிட முன்னரே வீட்டுக்குள் இன்னொருவரைக் குடிவைத்தது நான்.

பக்கத்தில் என் நிரலின் பிரதி. அழித்த கோப்பின் துண்டுகளை முத்திரை விழும்வரை தடுத்துவைக்கும் நாலு வரியை நீ சேர்த்திருந்தாய். மேலே ஒரு குறிப்பு: "அவளுக்கு இப்ப சொல்லக்கூடாது." அந்த "இப்ப" பதினொரு வருடம் நீண்டு, போன மாதம் உன் இருதயம் நின்ற அன்று முடிந்தது.

நேற்றுக் கீரிமலையில் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கிரியை முடிந்து படியில் நின்ற உன் கணவரிடம் போனேன். "அண்ணை, அண்டைக்குப் பிழை விட்டது நான். அவ இல்லை."

அவர் ஈர வேட்டித் தலைப்பைப் பிழிந்தபடி சொன்னார்: "தெரியும், பிள்ளை. அண்டைக்குப் பின்னேரமே அவ சொன்னவ."

அன்றைக்கே.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ இலையில் வைத்த பொங்கல் புக்கையைத் தின்றுகொண்டே, "ஜேர்னலைக் குலைச்ச மகாராணி, பொங்கலையாவது ஒழுங்காச் செய்திருக்கிறாய்" என்று கிண்டலடித்தேன். பதினொரு பொங்கல். எல்லாம் தெரிந்த உன் கணவர் சிரித்தார். நீ அவரைவிடச் சத்தமாகச் சிரித்து, என் இலையில் இன்னும் ஓர் அகப்பை வைத்தாய்.