நோயாளி வரம்பில் நிற்கிறார்

என்ர ஆசை அண்ணா,

அங்கே வெயில் எப்படி? இங்கே விடியப்புறத்தில் வாவி பால் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கிறது. படிப்பிக்கப் போகும்போது பஸ்ஸில் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறேன். எல்லாக் கனவிலும் நீங்கள்தான் வாறீங்க. வேறு வேலை இல்லையா உங்களுக்கு?

ஒரு சங்கதி. தாதியர் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உங்களையே பாடமாக எழுதிவிட்டேன். விடய ஆய்வு என்போம். ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவோம். மிச்சத்தை வகுப்பு யோசிக்கும். உங்கள் பெயரை எடுத்தேன், ஊரை மாற்றினேன். வயதையும் கூட்டிவிட்டேன், கோபிக்காதீங்க.

மற்றதெல்லாம் நடந்தபடிதான். அறுவடை நாள். எழும்பும்போதே தாடை வலி, இடது கை உளைவு. பல்லுக்குத்து என்று கராம்பைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போகிறார். நெஞ்சு இறுகுகிறது, வியர்க்கிறது. ஆனால் வெட்டு மிசின் வரப்போகிறது. ஆள் நிற்காவிட்டால் அது அடுத்த வயலுக்குப் போய்விடும். 'நோயாளி வயல் வரம்பில் நின்று தெருவைப் பார்க்கிறார்' என்பதோடு நிறுத்தினேன். அதற்கு மேல் கையும் ஓடவில்லை. எங்கேயோ தூரத்தில் மிசின் சத்தம் கேட்பதுபோலவே இருந்தது.

உங்கள் மனைவியிடம் காட்டினேன். மச்சி வேண்டாமென்றால் கிழித்துப் போட்டிருப்பேன். வாசித்துவிட்டுத் தாளை மடித்து என் கையில் தந்தார்.

“முடிவ எழுதிப்போடாதங்க மச்சி. அவர் அப்பிடியே நிக்கட்டும்.”

நேற்று வகுப்பில் அதை நடித்தார்கள். வாகரையிலிருந்து வரும் பொடியன் ஒருவன் நீங்களாக நடித்தான். உங்களைத் தெரியாமலே என்ன பிடிவாதம்! மிசின் போயிடும், மிசின் போயிடும் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றான். போனில் பேசும் தாதியாக நின்ற பிள்ளை இரத்தக்குழாய் அடைப்பைப் பற்றியெல்லாம் விளக்கிப் பார்த்தாள். கடைசியில் பாடத்தை விட்டுவிட்டாள்.

“ஐயா, நெல்லு நிக்கும். நீங்க இப்ப வாங்க.”

அன்றைக்கு இதைச் சொல்ல உங்கள் பக்கத்தில் ஒருத்தரும் இருக்கவில்லை, அண்ணா.

அவன் கொஞ்சம் யோசித்தான். “சரி பிள்ள, வாறன்” என்று திரும்பிக் கதவைத் தாண்டிப் போய்விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள்.

ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். என்ன செய்திருக்க வேண்டும் என்று படிப்பிப்பேன். என்ன நடந்தது என்று மட்டும், எத்தனை பேர் கேட்டாலும், சொல்லமாட்டேன். உங்களைக் கூப்பிட அவர்களில் ஒருத்தரை அனுப்பிக்கொண்டே இருப்பேன். அடம்பிடிக்காமல் வாங்க.

வாசலில் நிற்கும்,
உங்கட தங்கச்சி