உதைக்காத பந்துக்குக் கிடைத்த முதலிடம்

இன்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராத என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் ஆரம்பித்த கால்பந்துச் சங்கம் இந்த வருஷம் லீக்கில் முதலிடம் பிடித்துவிட்டது. சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எனக்கு இது அவமானமாக இருக்கிறது. ஊரார் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சூரமங்கலத்து ரயில் என்ஜின் ஷெட்டில் வேலை முடிந்ததும், கரி படிந்த முகத்தைக்கூடக் கழுவாமல் மைதானத்துக்கு ஓடுவீர்களே! ஃபிட்டர், குமாஸ்தா, எடுபிடி வேலை பார்க்கும் கலாசி என்று எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. யார்டில் கரி அள்ளிக்கொண்டிருந்த மாரியை நீங்கள் கூட்டிவந்த அன்று இரண்டு பேர் அந்தச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் போனார்கள். சேரி ஆளோடு ஒரே பானையில் தண்ணீர் குடிக்க மாட்டார்களாம்.

"போறவன் போகட்டும். பானை ஒண்ணுதான்" என்றீர்கள்.

மாரி வலது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோன வேகத்தைப் பார்த்துவிட்டு, அந்த இருவரில் ஒருவர் மறுவாரமே தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். அவர்தான் பழனியப்பன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டீர்கள். ஏன் கேட்கவில்லை?

காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு அவரே சங்கத்துக்குக் காரியதரிசி ஆனார். ஆனதும் செய்த முதல் காரியம், மாரிக்கென்று வேலிக்கு வெளியே தனிப் பானையும் ஒரு தகரக் குவளையும் வைத்தது. மாரி என்னிடம் வந்து, "அந்தத் தண்ணி எனக்கு இறங்காதுங்கம்மா. நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். செவ்வாய்ப்பேட்டை மூட்டை தூக்குகிறவர்களின் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது.

யுத்தத்தால் இப்போது நல்ல பந்துகூடக் கிடைப்பதில்லை. ஒட்டுப்போட்ட பந்தை வைத்துத்தான் இந்த வருஷ லீக் நடந்தது. அதில் செவ்வாய்ப்பேட்டை எல்லோரையும் வென்றது, நம்மவர்களையும் சேர்த்துத்தான். மாரி ஆடிய ஆட்டம் அப்படி. பட்டியலில் அவர்கள் முதலிடம், நாம் இரண்டாமிடம்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் பழனியப்பன் லீக் கமிட்டியிடம் புகார் கொடுத்தார். மாரி விலகுவதற்கு நம் சங்கம் சம்மதம் தரவில்லையாம். ஆகவே விதிப்படி அவன் இன்னும் நம் ஆளாம். அவனை வைத்து அவர்கள் ஜெயித்தது எதுவும் செல்லாதாம். கமிட்டிப் பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். செவ்வாய்ப்பேட்டையின் புள்ளிகளை அழித்து அடிமட்டத்துக்குத் தள்ளினார்கள். நாம் ஒரு பந்தும் உதைக்காமல் உச்சிக்குப் போனோம். தண்ணீர் குடிக்கும்போது வேற்றாள், புள்ளி திருடும்போது நம்மாள். சீ!

அதற்கப்புறம் பழனியப்பன் நம் வீட்டுக்கே வந்து நின்றார். "நீங்க வந்து லீக் கோப்பையைக் குடுத்தாத்தானுங்க அக்கா, அண்ணனோட ஆத்மா குளுரும்" என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு, போகத்தான் வேண்டும் என்று தோன்றியது.

மேடையில் கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களோடு மாரி நின்றுகொண்டிருந்தான்.

"மாரி எந்தச் சங்கத்து ஆளு?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பழனியப்பனைக் கேட்டேன்.

"நம்ம சங்கந்தானுங்க அக்கா. கமிட்டியே சொல்லிருச்சுங்களே."

"அப்படின்னா அவனைக் கூப்பிடுங்க. நம்ம ஆளு கையிலேயே குடுக்கறேன். உங்க பக்கத்துல உக்காந்து, உங்க பானையில தண்ணியும் குடிக்கட்டும்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சபையில இதெல்லாம் எதுக்குங்க அக்கா?" என்று முணுமுணுத்தார்.

அதற்குள் கயிற்றுக்கு அப்பாலிருந்து மாரி சத்தம் போட்டான். "அம்மா, அவங்க ஆளுன்னு என்னைச் சொல்லாதீங்கம்மா. நான் செவ்வாய்ப்பேட்டை!"

அந்தப் பக்கம் எழுந்த ஆரவாரம் உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால், பழனியப்பன் அதைத் தானே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பட்டியல் மாறவில்லை. இன்னும் நாம்தான் மேலே. ஆனால் கோல்கீப்பரும் வேறு சிலரும் சங்கத்தை விட்டு விலகிவிட்டார்கள். நான் போய்ச் சங்க அறையில் மாட்டியிருந்த உங்கள் படத்தைக் கழற்றினேன். "அது சங்கத்துச் சொத்துங்க அக்கா" என்று பழனியப்பன் குறுக்கே வந்தார். "புருஷன் என் சொத்து" என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அடித்திருப்பீர்களா, அழுதிருப்பீர்களா?

அடுத்த வருஷம் உங்கள் சங்கமும் செவ்வாய்ப்பேட்டையும் மோதும் அன்று நான் மாரியின் ஆட்களோடுதான் நிற்பேன். நீங்கள் பெற்று வளர்த்த அந்தச் சங்கம் தோற்க வேண்டும் என்று வாய்விட்டு ஜெபிப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மனைவி,
லூர்தம்மாள்