கழுவக் கூடாத கிளிப்

மார்ச் 4

இன்னிக்கும் பாட்டில்ல குமிழி பொங்குச்சு. பேட்டரி ஒட்டுற நிக்கல் பட்டை ரெண்டு, அதத் தண்ணிக்குள்ள கவ்விப் பிடிக்கிற பழைய இரும்பு கிளிப், சலவை சோடா கரைச்ச தண்ணி, வோல்ட்டக் குறைச்சு வெச்ச பழைய சார்ஜர். ஒரு பட்டைல ஹைட்ரஜன், இன்னொண்ணுல ஆக்ஸிஜன். போன வாரத்த விட டபுள் வேகம்! வினையூக்கின்னா அதானே, தான் தீராம தண்ணி உடையறத லேசாக்குறது. உப்புத்தாள்ல பட்டையக் குறுக்கும் நெடுக்குமா தேச்சேன் பாரு, அந்தக் கீறல்தான் ஊக்குது.

யார்கிட்ட சொல்றது? வீட்ல நானும் அண்ணனும்தான். விடியறதுக்குள்ள டிப்போவுக்கு பஸ் கழுவப் போயிடுறான். நான் போன் கடைலருந்து வர்றப்ப தூங்கிடுறான். கழுவிக் கவுத்த டம்ளரப் பாத்துதான் அவன் வந்ததே தெரியுது.

மார்ச் 6

வாட்ஸாப் சயின்ஸ் குரூப்ல வீடியோ போட்டேன். "சல்லடைக் கீறல்", நான் வெச்ச பேரையே எல்லாரும் சொல்றாங்க. அட்மின் கேக்குறாரு, "ஞாயித்துக்கிழமை லைவ்ல செஞ்சு காட்டுறீங்களா?"

காட்டுறீங்களா. எனக்கு 'ங்க' போட்ட மொத ஆள்.

மார்ச் 7

ரெண்டு பேர் அதே மாதிரி தேச்சுப் பாத்தாங்களாம். ஒண்ணும் கூடலயாம். ஒருத்தன், "வீடியோவ வேகமா ஓட்டி விட்டியா?"

ஞாயிறு வரட்டும்.

மார்ச் 9

நாப்பது பேர் பாத்தாங்க. குமிழி சோம்பேறி மாதிரி ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. "கேமராவப் பாத்து வெக்கப்படுது போல"ன்னு யாரோ. சிரிப்பு பொம்மையாக் கொட்டுச்சு. போன அணைச்சுட்டேன்.

அப்புறம்தான் கவனிச்சேன். பழுப்பா இருந்த தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. கிளிப் பளபளங்குது.

"அண்ணா, இதத் தொட்டியா?"

"கிளிப் துரு உதிர்ந்து தண்ணி சாக்கடையாட்டம் இருந்துச்சு. லைவ்னு சுவத்துகிட்ட ஒத்திகை பாத்தியே, காதுல விழுந்துச்சு. நாலு பேர் பாப்பாங்களேன்னு கிளிப்ப, பட்டையத் தேச்சுக் கழுவி, புதுசா சோடா கரைச்சு வெச்சேன்."

"யாரு கேட்டா? பஸ் கழுவுறவனுக்கு வேற என்ன தெரியும்?"

சொல்லிட்டேன். துண்டத் தோள்ல போட்டுட்டு வெளிய போயிட்டான்.

மார்ச் 10

பேசல. ரெண்டு பேரும்.

மார்ச் 11

டம்ளர் கழுவாமக் கெடந்துச்சு.

மார்ச் 13

பட்டை அதே. கீறல் அதே. சார்ஜர் அதே. அப்போ போனது என்ன — துருவா?

ஜன்னலத் திறந்து வெச்சு ரெண்டு பாட்டில் ஓட்டினேன். ஒண்ணுல மட்டும் ஆணித் துரு ஒரு சிட்டிகை. மொதல்ல ரெண்டும் தூங்குச்சு. கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா துரு போட்டது பொங்குது!

தேடித் தேடிப் படிச்சேன். முரண்டு பிடிக்கிறது ஆக்ஸிஜன் பக்கமாம். அங்க நிக்கல்ல கொஞ்சூண்டு இரும்பு ஏறினா அந்தப் பக்கம் லேசாயிடும், ஹைட்ரஜனும் கூடவே வேகமா வரும். மத்தவங்க கிளிப்ல துரு இல்ல, அதான் அவங்களுக்கு வரல. என் கீறல் சும்மா.

மார்ச் 14

குரூப்ல ஒத்துக்கிட்டேன், கீறல் இல்ல, துருன்னு. அட்மின்: "இது பழைய விஷயம்மா. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு எப்பவோ தெரியும்." கீழ ஒரே ஒரு கட்டைவிரல். 'ங்க'வும் போச்சு.

அண்ணன் கழுவலன்னா இன்னும் கீறல், கீறல்னு கத்திட்டிருப்பேன். இத அவன்கிட்ட சொல்லணும். தூங்குறான். கதவுகிட்ட நின்னுட்டு வந்துட்டேன்.

மார்ச் 15

அவன் கிளம்புறப்ப முழிச்சு உக்காந்திருந்தேன். "அன்னிக்கு அப்படிப் பேசிருக்கக் கூடாதுண்ணா. நீ கழுவுனதாலதான் துருன்னு கண்டுபிடிச்சேன்."

செருப்ப மாட்டிக்கிட்டே, "சரி, தூங்கு"ன்னான்.

மார்ச் 16

மேசை மேல ஒரு பை. டிப்போ குப்பைல பொறுக்கின நட்டு, போல்ட்டு. அத்தனையும் துரு.

"கழுவணும்னு கை அரிச்சுது. ஒரு சொட்டுத் தண்ணி காட்டலயே"ன்னான்.

நாற்காலிய பாட்டில் முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தான். "எங்க, பொங்கச் சொல்லு பாப்போம்."

"நேரமாகும்ணா."

"ஆகட்டும்."