மேல் அருவித் தடத்தில் தேடப்படும் கரடி

அனுப்புநர்:
ரோஸ்கோ பெட்டிஃபோர்ட்,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்,
டர்ஹாம், வட கரோலினா.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
ஹார்ன்பீம் மலைப் பூங்கா.

பொருள்: மேல் அருவித் தடத்தில் திரியும் கரடியைக் கண்டதும் சுட இடப்பட்டுள்ள உத்தரவை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. சென்ற ஏப்ரலில் நானும் என் மனைவி வெர்லீனும் மேற்படி தடத்தில் நடக்க வந்தோம். ஆசை அவளுடையது. "நம்ம ஆளுங்க மலை ஏறமாட்டாங்கன்னு எவன் சொன்னான்? அவன் மூஞ்சிக்கு நேரா ஏறிக் காட்டணும்" என்று புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அன்று எங்களைத் தவிர அங்கே கறுப்பர் எவரும் இல்லை.

2. பிற்பகலில் மூடுபனி இறங்கியது. ஒரு வளைவில் வெர்லீன் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிற்கவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. என் சட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டு, உதவி கேட்கத் தடத்துக்கு ஏறினேன். இடுப்பில் அறுவை செய்ததிலிருந்து எனக்கு இடது கால் இழுக்கும். ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

3. நால்வர் வந்தார்கள். இரு கைகளையும் தூக்கி, "ஐயா, என் பொண்டாட்டி கீழ கிடக்கா!" என்று கத்தினேன். பள்ளி மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும் குரல் எனக்கு. ஒரு பெண் கைத்தடிகளைத் தலைக்கு மேல் உயர்த்தினார். இன்னொருவர் கை தட்டினார். "ஓடாத. கண்ணப் பாக்காத. மெதுவா பின்பக்கமாவே நட" என்று ஒருவர் தணிந்த குரலில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதுகு காட்டாமல், பின்னடியாகவே நடந்து பனிக்குள் மறைந்தார்கள். என் பேச்சு பேச்சாகவே வெளியே வரவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

4. பள்ளத்துக்குத் திரும்பினேன். "யாராச்சும் வராங்களா?" என்றாள். "வந்துட்டே இருக்காங்க" என்றேன். "எதப் பாத்து கை தட்டினாங்க?" என்று கேட்டாள். நான் குனிந்து கட்டை இன்னும் இறுக்கினேன். அதன்பின் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. பொழுது சாயுமுன் அவள் கை என் கைக்குள் குளிர்ந்துவிட்டது.

5. மறுநாள் காலை துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் வந்தார்கள். எங்களைத் தேடி அல்ல. கரடி துரத்தியதாக நால்வர் புகார் கொடுத்ததால், முந்தைய நாளே தடத்தை மூடிவிட்டார்களாம். இளையவர் என்மேல் கம்பளி போர்த்தி, "நல்லவேளை சார், அது உங்களப் பாக்கல" என்றார்.

6. பூங்கா வாயிலில் இன்றும் தொங்கும் எச்சரிக்கைப் பலகையை என் மகள் படமெடுத்து வந்தாள். 'இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும். மனிதரைக் கண்டு அஞ்சாது, நெருங்கி வரும். இடைவிடாது ஓலமிடும். இடது காலை இழுத்து நடக்கும். கண்டதும் சுடப்படும்.' அம்மையீர், அங்கே கரடி எதுவும் இல்லை. நான்தான் இருந்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதைவிட மோசம், சவரம் செய்யக் கண்ணாடி முன் நிற்கவே பயமாக இருக்கிறது.

7. எனவே, அன்றைய அறிக்கையில் கரடி என்றுள்ள இடத்தில் உதவி கேட்ட மனிதர் என்று திருத்தவும், சுடும் உத்தரவை உடனே ரத்து செய்யவும் வேண்டுகிறேன். ஜூன் ஏழு வெர்லீனின் பிறந்தநாள். அன்று காலை, தாங்கள் தேடும் விலங்கு பூங்கொத்துடன் அந்த வளைவுக்கு வரும். தங்கள் காவலர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இடம்: டர்ஹாம்
நாள்: மே 19

(ஒப்பம்)
ரோஸ்கோ பெட்டிஃபோர்ட்,
வெர்லீனின் கணவர்